ஒரே மலைக்குக் கீழே இரண்டு பிரதிகள்

அன்புள்ள ரிஸ்வான் நானாவுக்கு,

நீங்கள் எழுதிய வரியை நேற்று வெட்டிவிட்டார்கள். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பதுளை அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து நாம் எழுதினோமே, அந்த அறிக்கையில் இருந்த வரி. தோட்டத்து ஆட்களின் சேவைக்கால விவரமெல்லாம் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரான மெயின்பிரேமிலிருந்து தினமும் டேப்பில் பிரதி எடுக்கும் சொப்ட்வெயார் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிக்கை. என் அம்மா கொழுந்து பறித்த வருஷங்களும் அதில்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் அவர் வேலை செய்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

அந்த டேப்புகளை அடுக்கிவைக்கும் இரண்டாவது டேப் லைப்ரரியை எங்கே வைப்பது என்று வந்தபோது நீங்கள் எழுதினீர்கள்: "இரண்டு பிரதிகளும் ஒரே மலைக்குக் கீழே இருக்கக் கூடாது." கொழும்பிலிருந்து வந்த மேனேஜர் சிரித்தார். "மலைன்னு எழுதாதீங்க, கிலோமீட்டர்ல எழுதுங்க." நீங்கள் விட்டீர்களா? "ரோட்டு வளைஞ்சி வளைஞ்சி போகும் சேர், மண்ணு நேராத்தான் வரும்" என்றீர்கள்.

அப்படிச் சொன்ன மனுஷன், அந்த மழையில் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்ததும் எங்கே போனீர்கள்? உங்கள் அக்கா, ராத்தா வீட்டுக்கு. "தூரம் வந்துட்டோம் தங்கச்சி, வேன்ல அரை மணித்தியாலம் புடிச்சிச்சி" என்று போனில் சொன்னீர்கள். அந்த வீடு உங்கள் வீட்டுக்கு நேர் கீழே. பயத்தில் நீங்களும் ரோட்டைத்தான் அளந்தீர்கள். உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது, நானா. கோபப்பட்டு என்ன செய்ய?

மலை சரிந்து மண் அந்த வீட்டை மூடியபோது அண்ணியையும் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தார் இழுத்தெடுத்தார்கள். உங்களையும் ராத்தாவையும் முடியவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். பிறகு மேனேஜர், "கவலையாத்தான் இருக்கு மிஸ். ஆனா ரெண்டு இடமும் எடுத்தாச்சே" என்றார். ஒன்று மேலே, ஒன்று கீழே, அதே சரிவில். ரோட்டுத் தூரம் போதுமாம். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. வீடு கட்ட அண்ணிக்குக் காணி ஒதுக்கியிருக்கிறார்கள். போன கிழமை இரண்டு பேரும் பார்க்கப் போனோம். பஸ் வளைவு வளைவாகப் போய், வெகுநேரம் கழித்து இறக்கிவிட்டது. இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அதே மலைதான், நானா.

"வேணான்னு சொன்னா வேற தருவாங்களா?" என்று கேட்டார் அண்ணி. தரமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அண்ணியும் பிள்ளைகளும் இப்போது தங்கியிருக்கும் எங்கள் லயத்து வரிசை வீடும் மலையடியில்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மழை கனத்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன், அண்ணியையும் உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். வந்து எந்தப் பக்கம் போவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
மேரி
பூனாகலை