ஹாஜி மெஸ்ஊத் காட்டாத குழி

மார்ச் 4
ஜெல்ஃபா நகருக்குத் தெற்கே ஹாஜி மெஸ்ஊத் பண்ணை. பதினாறு சினை ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசியிருக்கின்றன. நான்கு ஆடுகள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுகின்றன. ஹாஜியாருக்குக் காரணம் தெரியுமாம்: பக்கத்துப் பண்ணைக்காரன் கண்ணு பட்டுவிட்டதாம். கால்நடை ஆய்வகத்திலிருந்து வந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பள டாக்டர் யாரும் இல்லையாம்மா?"

இருக்கிறார்கள். அவர் அனுப்பிய கறியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி, புழுக்கை, மண், செத்துப் பிறந்த குட்டி என்று மாதிரி எடுத்தேன். தீவனக் கிடங்கு மட்டும் பூட்டு. "சாவி மகன்கிட்ட." மகன் தலைநகரில். நம்பிவிட்டேன்!

மருமகள் ஸெலிகா, ஏழு மாத வயிறு. செத்த குட்டிகளை வெறுங்கையால் தூக்குகிறாள். என் கையுறையைப் பார்த்துச் சிரிப்பு வேறு. "கல்யாண வீட்டுக்கா போறீங்க, அக்கா?"

மண்டு. இதுகளிடம் பேசி என்ன ஆகப்போகிறது? வண்டி ஏறிவிட்டேன்.

மார்ச் 5
மாதிரிகள், கிருமி வளர, சூட்டுப்பெட்டியில். இயக்குநர் தூமி நாற்காலியில், தூக்கத்தில்.

மார்ச் 9
குட்டியின் ஈரலில் லிஸ்டீரியா கிருமி. மூளைக்கு ஏறும், கருவைக் கலைக்கும், மனுஷிக்கும்தான். தொட்டியிலும் மண்ணிலும் ஒன்றுமில்லை. பின்னே எங்கிருந்து வந்தது?

தூமியிடம் சொன்னேன். "பக்ரீத்துக்கு ஆடு விக்கிற நேரம். கிருமி இல்லன்னு எழுதிடு நஸீஹா. யாருக்கு என்ன போச்சு?"

"ஆட்டுக்கு."

சிரித்தான். பல்லெல்லாம் ஹாஜியார் வீட்டுக் கறி.

மார்ச் 12
ஸெலிகா வந்தாள். அந்த வயிற்றோடு இரண்டு பேருந்து மாறி. பையில் ஊறுகாய்ப் புல், குழியில் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம். கறுத்துப்போய், அழுகல் நாற்றம்.

"கிடங்குப் பூட்டை உடைச்சுட்டேன்க்கா. உள்ள புல்லுக் குழியில மழைத்தண்ணி இறங்கி அழுகிப்போச்சு. மாமாவுக்குத் தெரியும், தூக்கிப்போட மனசு வரல. இதைத் தின்ன ஆடுதான் சுத்துது. மேயப்போறதுல ஒண்ணுகூட விழல. நான் பாத்துட்டே இருக்கேன்."

எங்கள் ஆய்வகத்தில் ஆறு பேர். சுவர் நிறையப் பட்டங்கள். எந்த ஆடு எதைத் தின்றது என்று ஒரு கழுதைகூடக் கேட்கவில்லை. நானும்தான்.

அவள் முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? தொட்டேன். கொதித்தது.

"நாலு நாளா இருக்கு. குளிருன்னு நெனச்சேன்."

நானே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கிருமியின் பெயரைச் சொன்னேன். அந்த டாக்டர் இரண்டு தடவை எழுத்துக்கூட்டச் சொன்னான். ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

தொடக்கூடாதுன்னு முதல் நாளே உனக்குத் தெரியும்டி, நஸீஹா. வயித்தோட, வெறுங்கையோட கண்ணு முன்னால நின்னா. ஒரு வார்த்தை சொன்னா வாய் நோகுமா? ஒன்பதாம் தேதி முடிவு வந்துச்சே — ஒரு போன்? ஆட்டைப் பத்தி தூமிகிட்ட வசனம் பேசப் போயிட்ட. பெரிய இவ.

மார்ச் 17
புல்லிலிருந்து கிருமி வளர்த்த தட்டு முழுக்க லிஸ்டீரியா. அறிக்கையை மேலிடத்துக்கு நேராக அனுப்பிவிட்டேன். பண்ணைக்குச் சீல். தூமி என்னோடு பேசுவதில்லை. காதுக்கு நிம்மதி.

ஸெலிகாவின் ரத்தத்திலும் அதே கிருமி.

மார்ச் 28
ஸெலிகாவுக்குப் பெண் குழந்தை, ஆறு வாரம் முன்னதாகவே. கண்ணாடிப் பெட்டிக்குள் தானாக மூச்சு விடுகிறது.

ஆஸ்பத்திரி நடையில் ஹாஜியார் எழுந்து நின்று "டாக்டரம்மா" என்றார். நேராக உள்ளே போனேன்.

ஸெலிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களைக் காப்பாத்துனது நீங்கதான்க்கா."

இல்லை என்றேன். எனக்கு எப்போது என்ன தெரியும், ஏன் சொல்லவில்லை, அவளை என்னவென்று நினைத்தேன் — எல்லாம் சொன்னேன்.

கடைசிவரை கேட்டாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"குழந்தையப் பாக்கப் போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க டாக்டர்" என்றாள்.