கிருஷ்ணப்பிரியாவுக்கு ஓட்டிய பேய்

அன்புள்ள மகன் கோகுல்நாத்துக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய், உன் ஸ்டேட்டஸில் பிரியாணித் தட்டைப் பார்த்தேன். இங்கே உன் அப்பாவுக்கு முட்டிவலி, வேப்பம்பட்டில் ஓயாத மழை. இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தாலே நீ கட் செய்துவிடுகிறாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் நான் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து உன் அத்தை வேம்புலியம்மாள் ஒரு பூசாரியைக் கூட்டி வந்துவிட்டாள். தீட்டுக்கு முன்னால் மாசாமாசம் உன் பெண்டாட்டி கிருஷ்ணப்பிரியா ஆளே மாறிப்போய் எரிந்து விழுகிறாளே, காரணமில்லாமல் அழுகிறாளே, அது காத்து கருப்பாம். நான் திரும்பி வந்தபோது அவள் கூடத்தில் ஈரப்புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் வேப்பிலையால் அடித்த கோடு. அந்த ஆள் நம் வீட்டு டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அந்த டம்ளரை நான் குப்பையில் போட்டேன். அன்றைக்கே அவளுக்குத் தீட்டு வந்தது, மறுநாள் தெளிந்துவிட்டாள், எப்போதும் அப்படித்தான் தெளிவாள். உன் அத்தையோ, பேய் ஓடியே பூட்ச்சு இன்னா சொல்றே இப்போ என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள். நீ அந்தப் பூசாரிக்கு நன்றி சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், தூ.

அடுத்த தடவை நாள் நெருங்கியதும் எல்லாம் திரும்ப வந்தது. கிருஷ்ணப்பிரியா மொட்டைமாடிச் சுவரோரம் நின்று, நான் செத்துட்டா அல்லாருக்கும் நிம்மதி அத்தே என்றாள். கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன், மறுநாளே பூந்தமல்லியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் உண்டு, சிலருக்கு மட்டும் மூளை அதைத் தாங்காமல் இப்படிப் புரட்டிப் போடும், இது திமிரும் இல்லை பேயும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். மனசு எப்படி இருக்கிறதென்று தினமும் காலண்டரில் குறிக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார், சிலர் தீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டாலே போதுமாம். சாவுப் பேச்சு எடுத்தால் தனியே விடாமல் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். இந்த மாதம் அழுகை இருந்தது, ஆனால் மாடிப்பக்கம் போகவில்லை.

இதை உனக்குச் சொன்னால், பைத்தியத்துக்கு மாத்திரை துன்றவளோட குப்பை கொட்ட முடியாது, அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிடு என்கிறாய். நான் பெற்ற வாயா இது என்று அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பூசாரியைப் பார்த்துக்கூட நான் இவ்வளவு கூசவில்லை. போகிறாயா என்று அவளையே கேட்டேன், உங்களோடு இருக்கிறேன் என்றாள். லீவில் வந்தால் முதலில் டாக்டரம்மாவைப் பார், பிறகு வீட்டுப்படி ஏறு.

ஆண்டவன் உனக்கு ஆயுசையும் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

இப்படிக்கு,
உனக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்கும் அம்மா,
ராணி