மீன் எண்ணெய் பூசிய வால்வு

இன்று காலை தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையைக் கடந்தபோது, மண்ணெண்ணெயும் தேய்ப்புப் பசையும் கலந்த வாடை வந்தது. நின்றுவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயபுரம் கரையில் மீன்பிடிக்கும் அண்ணன் தம்பி இருவர், மெக்கானிக்கான உன் பேச்சை நம்பிப் படகில் சிறிய இன்ஜின் வைத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நான் வந்த அன்று பார்த்து அது கிளம்பவில்லை. யானைக்கவுனியிலிருந்து பழைய இரும்பு வியாபாரி வண்டியோடு வந்து நின்றார். பொழுது சாய்வதற்குள் ஓடாவிட்டால் இன்ஜினை அவருக்கே விற்றுவிடுவதென்று அண்ணனும் தம்பியும் சொல்லியிருந்தார்கள். அப்புறம் அந்தக் கரையில் எவரும் இன்ஜினைத் தொடமாட்டார்கள் என்பதுதான் உன் கவலை.

நீ இன்ஜினைத் திறந்து வால்வுகளைக் கழற்றி முகர்ந்தாய்.

"இன்னா நைனா பூசினே இதுல?"

"மீன் எண்ணெதான் பாய்," என்றார் அண்ணன். "படகுக்குப் பூசிக்கினுதானே கீறோம்? இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

மரத்தைக் காக்கும் எண்ணெய் இன்ஜின் சூட்டில் பிசினாக இறுகிவிட்டது. வால்வு சரியாக மூடாமல், விளிம்பு கருகிக் குழி விழுந்திருந்தது. நீ சிரிக்கவில்லை. பிசினைச் சுரண்டினாய். கையால் சுழற்றும் கட்டரில் விளிம்பைச் சீவினாய். தேய்ப்புப் பசை தடவி, வால்வை அதன் இடத்தில் வைத்து, நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை அதன்மேல் அழுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாய்.

"இன்னா பாய், மோர் கடையிறியா?" என்றார் வியாபாரி.

"வெண்ணெ வந்தா உனக்கும் ஒரு உருண்டை தரேன். குந்து."

விளிம்பில் பென்சில் கோடுகள் போட்டு, வால்வை வைத்துத் திருப்பி எடுத்தாய். எல்லாக் கோடும் அழிந்தால்தான் சரியாக மூடுகிறது என்று பொருள். ஒன்று அழியவில்லை.

"போதும் பாய், மாட்டு," என்றார் தம்பி.

"அந்த ஒரு எடத்துலதான் மூச்சு போவும்," என்று மறுபடி பசை எடுத்தாய். உன் உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது கடைசிக் கோடும் போயிற்று. பசையைத் துடைத்து, பூட்டி, கைப்பிடியைச் சுழற்றினாய். இன்ஜின் இருமி நின்றது. மறுபடி சுழற்றினாய்; பிடித்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் அப்போதே படகைத் தள்ளினார்கள். அது அலையைத் தாண்டும்வரை நீ கரையில் நின்று பார்த்தாய்.

"நாளைக்கு மறுபடி நின்னுட்டா?" என்றார் வியாபாரி.

"நின்னா தொறப்பேன்," என்றாய்.

அதன் பிறகு எத்தனையோ ஆலைகளைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் "இனி ஆகாது" என்ற செய்தி என் மேசைக்கு வந்தது. திறந்து பார்த்தது யார் என்று கேட்காமல் ஒன்றையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை.