கரை நகர்ந்த பிறகு

ஆனி மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள வேணிக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமா? தாம்பரத்தில் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே சாரல் மட்டும். மலை சில நாட்களாக மேகத்தை விட்டு வெளியே வரவில்லை.

போனில் பேசினால் நாம் இருவரும் என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். அதனால் தாளில் எழுதுகிறேன். நீ கேட்ட இடத்தைப் பற்றியும் எழுதுவேன். கொஞ்சம் பொறு. மெதுவாகத்தான் அங்கே போக முடிகிறது.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பாபநாசத்தில் விட்ட தண்ணீர் நம் கால்வாய்க்கு ஒரு மதியம் வந்து சேர்ந்தது. சத்தமே இல்லை. காய்ந்த இலைகள் தாமாக நகர்ந்தன. பிறகுதான் அவற்றுக்கு அடியில் தண்ணீர் தெரிந்தது.

பின்கட்டுச் சுவரில் மார்கழி வெள்ளத்தின் கோடு இன்னும் இருக்கிறது. உன் தோள் உயரம். வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னார் அப்பா.

இப்போது அவர்தான் சமையல். நேற்று சொதி. தேங்காய்ப்பால் விட்ட பிறகும் கொதிக்க விட்டுவிட்டார். திரிந்துபோனது. "ஏலே, இத வேணிட்ட சொல்லிராத. பொறவு ஊருக்கு வரதுக்கே யோசிப்பா" என்றார். அவர் உன் பெயரைச் சொல்லி நெடுநாளாகியிருந்தது. சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஞானம்பாள் அக்கா இன்னும் உன் பங்கையும் சேர்த்தே பால் ஊற்றுகிறாள். குறைக்கச் சொன்னேன். அப்பா விடவில்லை. மிச்சப் பால் எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை.

படித்துறையில் நீ உட்காரும் படி மணலுக்குள் போய்விட்டது. போன ஆனியில் அதில்தான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மீன்குஞ்சுகள் வந்து பாதத்தைக் கொத்தின. சிரித்தாய். உள்ளேயும் உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாய். என் கை ஈரமாக இருந்தது. இப்போதும் வகுப்பில் பாடம் நடத்தும்போது சில சமயம் அந்த உள்ளங்கை மட்டும் அங்கே போய்விடுகிறது. பலகையில் எழுதிய வரி பாதியில் நிற்கும்.

இனி அந்த இடம்.

ஆவணியில் நீ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய். நான் உன் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு பகல் மட்டும் இருந்த நம் மகளை அப்பாவும் சித்தப்பாவும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மடை திறந்து அடைக்கிற மாரிக்கண்ணு மண்வெட்டியோடு கூடப் போனார். ஆற்றங்கரையில் புதைப்பது, அடையாளம் வைக்காமல் இருப்பது, பெற்றவளிடம் இடத்தைச் சொல்லாமல் இருப்பது. நம் வீட்டு வழக்கம். பெற்றவள் அங்கே போய் அழுதால் அடுத்தது தங்காதாம். யார் ஆரம்பித்ததோ.

நீ கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். அது நிஜம். நீ நம்பவில்லை. இடம் தெரிந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தையில் பஸ் ஏறினாய்.

அதன் பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். சித்தப்பா பல நாள் பேச்சை மாற்றினார். பிறகு ஒரு சாயங்காலம், மடைக்குக் கீழ்ப்பக்கம், தாழம்புதர் ஓரம் என்றார். உன்னிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். கல்லூரிக்குப் போகும் முன் தினமும் அங்கே போய் நின்றேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சில நாள் அன்று நடத்தப்போகும் பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

போன வாரம் ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். ஆற்றின் மேல் சாரல் புகை மாதிரி நின்றது. அதற்குள் யாரோ அசைவது தெரிந்தது. அப்பா. மடைப்பக்கம் இல்லை. வெகுதூரம் மேலே, பெரிய மருதமரத்தடியில். வெள்ளம் கொண்டுவந்த ஒரு சேலை இன்னும் அதன் கிளையில் தொங்குகிறது. குளித்த ஈரத்தோடு நின்றார். கையில் செம்பு. செம்பில் பால். குனிந்து, குழந்தை வாயில் விடுவதுபோல, பைய ஊற்றினார்.

என்னைப் பார்த்துவிட்டார். போகச் சொல்லவில்லை. "இங்கனதாம்லே" என்றார். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். செம்பை நான் வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா சொன்னது வேறு இடம் என்பதால் மாரிக்கண்ணுவையும் கேட்டேன். அவர் இரண்டும் இல்லை என்றார். ஆற்றின் நடுவே கை நீட்டினார். "தம்பி, அன்னைக்கு ஆறு அங்கன தள்ளி ஓடுச்சு. வெள்ளத்துக்குப் பொறவு இங்கன ஓடுது. கரையே நகந்துட்டு. நான் எத காட்ட?" அவருக்கும் நிச்சயம் இல்லை. தோண்டும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது என்றார்.

மூன்று பேர். மூன்று இடம். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

அப்பாவின் மரத்தை மட்டும் உனக்கு எழுதிவிடலாமா என்று நினைத்தேன். நீ நம்பியிருப்பாய். இப்போது பஸ்ஸில்கூட இருப்பாய். எழுத வரவில்லை.

நீ கேட்டது ஓர் இடம். என்னிடம் இருப்பது ஒரு கரை. மடையிலிருந்து மருதமரம் வரை, நடுவில் ஓடும் தண்ணீரும். தினமும் அந்தத் தூரம் முழுக்க நடக்கிறேன். எங்கோ ஓரிடத்தில் அவளுக்குப் பக்கத்தில் போகிறேன். எந்த இடத்தில் என்று தெரியாததால் எங்கேயும் வேகமாக நடக்க முடிவதில்லை.

மாரிக்கண்ணு சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இன்று காலையும் பால் எடுத்துப் போனார். வந்ததும், மரத்தடிக்குப் போகிற பாதையில் முள் கிடக்கிறது, அவள் செருப்பில்லாமல் நடக்கிறவள், வெட்டிவிட வேண்டும் என்றார். அவள் என்றது உன்னை. வழக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது. நீ வந்தால் அவரே உன்னை அங்கே கூட்டிப்போவார். அழுதால் தடுக்கமாட்டார். அது இடமாக இல்லாமலும் இருக்கலாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பிறகு நாம் இருவரும் கரையோடு மடைவரை நடப்போம்.

உன் படிமேல் கிடக்கும் மணலைக் கையால் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஓர் ஓரம் தெரிகிறது. மீன்குஞ்சுகள் திரும்பி வந்திருக்கின்றன.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. இந்தத் தண்ணீர் அவளோடு சேர்த்து நம் மூவரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் தெரிந்தால் வருகிறேன் என்றாய். தெரியவில்லை, வேணி. ஆனாலும் வா.

உன்,
கணேஷ்ராம்