சுவரில் மாட்டிய நெருப்பு

செப்டம்பர் 12, 2024

வீட்டுக்காரி கெர்ட்டிக்கு இன்றைக்கும் குளிர். தெருவில் நாய்கூட கார் அடியில் படுத்துக்கிடக்கிற வெயில், இவளுக்கு இரண்டு ஜோடி காலுறை, என் பழைய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் போர்வை. ஃபேன் போடக் கூடாது. ஹால் ஜன்னலைத் திறக்கக் கூடாது. எனக்கு மூச்சு முட்டுகிறது.

சாயங்காலம் ஆனதும் சட்டையை மாட்டிக்கொண்டு மாமாக் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். பழனியப்பன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஒன்றாக வேலை பார்த்தோம், ஒன்றாக ரிட்டையர் ஆனோம், இப்போது ஒன்றாக உட்கார்ந்து தே தாரிக் டீயை ஆறவிடுகிறோம். கெர்ட்ரூட் எப்படி இருக்கா என்று கேட்டான். இருக்கா என்றேன். அதற்கு மேல் அவன் கேட்க மாட்டான். அதனால்தான் அவனோடு போய் உட்காருகிறேன்.

செப்டம்பர் 17

கோலாலம்பூர் ஆஸ்பத்திரி. டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. புற்று வயிற்றிலிருந்து ஈரலுக்கும் போய்விட்டதாம். இனி மருந்து ஏற்றினால் அவளுக்குத் தொல்லைதான் மிச்சம் என்றார். வீட்டில் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குறைவு, குளிரும், கதகதப்பாக வைத்திருங்கள். கதகதப்பாக! முப்பத்து மூன்று டிகிரியில்.

வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தச் சொன்னாள். வடை வேண்டுமாம். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்ததை வாங்கிக் கொடுத்தேன். காகிதப் பையோடு இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள். கிள்ளான் வந்து சேரும் வரை ஒரு வாய் கடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சூடா இருந்துச்சுங்க. அதான்."

செப்டம்பர் 18

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 25

தரையில் வைக்கிற ஹீட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தேன். இன்று அதன் வயர் தடுக்கி விழுந்துவிட்டாள். முழங்கால் கன்றிப்போய்விட்டது. நான் என்ன செய்தேன்? கத்தினேன். பார்த்து நடக்கத் தெரியாதா என்று, விழுந்து கிடப்பவளைப் பார்த்து. அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். என்ன மனுஷன்டா நீ, பேசில் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 5, சனி

ஷா ஆலமில் ஒரு பெரிய சாமான் கடை. சாய்வு நாற்காலி பார்க்கத்தான் போனோம். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன், ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள். சுவரில் கறுப்புக் கண்ணாடி, உள்ளே நெருப்பு எரிகிறது. வெளிநாட்டு வீடுகளில் வைத்திருப்பார்களே, ஃபயர்பிளேஸ், அதை கரண்டில் செய்து சுவரில் மாட்டுகிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது வேணும்ங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் வாயால் இது வேண்டும் அது வேண்டும் என்று நான் கேட்டதில்லை. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. கிள்ளானில் எந்தக் கிறுக்கன் வீட்டில் நெருப்பு மூட்டுவான் என்றேன். தரையில் வயர் கிடக்காதே, அதை மட்டும் யோசித்தேன். சுவரில் மாட்டினால் தடுக்க ஒன்றும் இல்லை.

கடைக்காரப் பெண் விளக்கினாள். நெருப்பு வெறும் விளக்குதான், தொட்டால் சுடாது. சூடு தனி, கீழே ஒரு நீளமான வாய் வழியாக வெளியே ஊதும். இரண்டு வகை இருந்தது. ஒன்று, சுவரை உடைத்து உள்ளே புதைப்பது. இன்னொன்று படம் மாட்டுவது போல மாட்டிவிடலாம். சுவரை உடைத்தால் வருகிற தூசி இவளுக்கு ஆகாது. மாட்டுகிற வகையே போதும் என்றேன். பெரியதைக் காட்டினாள் அந்தப் பெண். நம்ம ஹாலுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி, சின்னது போதும் என்றாள் கெர்ட்டி. சாகப் போகிறவள் இப்படிச் சிக்கனம் பார்க்கிறாளே. எனக்குக் கோபம்தான் வந்தது.

நாற்காலி வாங்க மறந்துவிட்டோம்.

அக்டோபர் 6

பழனியப்பனிடம் சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அடுத்து என்னடா, பனி கொட்டுற மெஷினா?" பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அக்கா, லண்டனிலிருந்து யாராவது வருகிறார்களா என்று கேட்டார். சிங்கப்பூரிலிருந்து பிரெண்டா போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அம்மா கேட்டதைச் சீக்கிரம் மாட்டிடுங்க டாடி என்றாள். அவள் அழுதிருப்பாள். எங்கள் ஒரே மகள், அம்மா மாதிரியே சத்தமில்லாமல் அழுவாள்.

அக்டோபர் 9

எங்கே மாட்டுவது? இதற்கு ஒரு சண்டை.

டிவிக்குக் கீழே மாட்டலாம் என்றேன். சூட்டில் டிவி கெட்டுவிடும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அறையைப் பிரிக்கிற சுவர் வெறும் பலகை, கனம் தாங்காது. மிச்சம் இருப்பது வாசலைப் பார்த்த செங்கல் சுவர் ஒன்றுதான். அதில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கிறது, அதன் அடியில் அணையாத சிவப்பு பல்ப். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரம் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து மாட்டியது. அன்றிலிருந்து நகர்த்தியதில்லை.

படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு நெருப்பைக் கீழே மாட்டுங்கள் என்கிறாள். ஆண்டவர் காலடியில் நெருப்பா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றேன்.

"நரகம் எவ்ளோ சூடுன்னு பாத்து வச்சுக்கிறேன். போற எடம் தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் சிரிப்பேன் என்று. என்னால் முடியவில்லை. எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினேன். பின்னால் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

அக்டோபர் 12

கடையிலிருந்து கிஷன் என்பவர் வந்து மாட்டிக் கொடுத்தார். வாய் ஓயாத ஆள். ஒரு காதில் போன், மற்றக் காது எனக்கு. துளை போடும்போது தூசி வருமென்று கெர்ட்டியை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அவருக்குக் காப்பி கலக்கிக்கொண்டு வந்தபோது பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். செட்டிங் அங்கிள், வழக்கமா செய்றதுதான் என்றார்.

ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் நெருப்பு. இன்னொன்றை அழுத்தினால் சூடு, கண்ணாடியில் சிவப்பு எண் வருகிறது, கீழே காற்று ஊதும் சத்தம். கெர்ட்டியைக் கூட்டி வந்து எதிரே உட்காரவைத்தேன். கையை நீட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சூடா இருக்கா என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குங்க. நல்லா சூடா இருக்கு."

எனக்கு அதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஜன்னலும் மூடி, ஃபேனும் இல்லாமல், இதுவும் சேர்ந்தால்? ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. இன்று மாமாக் கடைக்குப் போகவில்லை.

அக்டோபர் 20

தினமும் சாயங்காலம் இதுதான். நெருப்பைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் உட்காருகிறோம். செபமாலை சொல்கிறோம். பிறகு அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் முட்டி போடவைத்த கன்னியாஸ்திரி பற்றி, ரவாங்கில் நாங்கள் ரயிலைத் தவறவிட்ட அன்று பற்றி. இவ்வளவு பேசுவாளா இவள்? இல்லை, நான்தான் வீட்டில் இருந்ததில்லையா?

பங்குக் கோயில் அன்பியக் குழுவிலிருந்து செபம் சொல்ல வந்தார்கள். ஒருத்தர் படத்தையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆண்டவர் இனி எந்நேரமும் கீழே ஒரு கண் வைத்திருக்க வேண்டும் போல என்றார். கெர்ட்டிதான் முதலில் சிரித்தாள்.

இன்னும் இரண்டு ஜோடி காலுறை போட்டிருக்கிறாள். சூடுதான் வருகிறதே, எதற்கு என்றேன். பழக்கம் என்றாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். நான் மட்டும் போய் மாமனார் மாமியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். பக்கத்தில் காலி இடம் இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

நவம்பர் 15

இன்று கஞ்சி இரண்டு கரண்டி. எடை பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

நவம்பர் 29, வெள்ளி

காலையிலிருந்து விடாத மழை. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். வீடே ஜில்லென்று இருந்தது. எனக்கே குளிர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளலாம். நெருப்பைப் போட்டேன், சூட்டையும் போட்டேன், நாமும் கொஞ்சம் காயலாம் என்று கீழே குனிந்து கையை வைத்தேன்.

பச்சைக் காத்து. சூடே இல்ல, சுத்தமா பச்சைக் காத்து ஊதுது.

எண்ணை ஏத்திப் பார்த்தேன். எறக்கிப் பார்த்தேன். அணைச்சுப் போட்டேன். ஒண்ணும் இல்ல. இன்னிக்குக் கெட்டுப்போச்சா? கெர்ட்டியப் பார்த்தா அவ என்னைப் பார்க்கல, கண்ணாடியப் பார்த்துட்டு இருக்கா. அப்பதான் எனக்கு உறைச்சது. இது என்னிக்குமே சூடா இருந்ததில்ல. நான் வேர்த்துக் கொட்டினது கிள்ளான் வெயில்ல. மூடுன ஜன்னல்ல. நானா நெனச்சுக்கிட்டேன் மெஷின் வேலை செய்யுதுன்னு!

ஏன் சொல்லல? ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல? குளிர்ல உக்காந்துக்கிட்டு சூடா இருக்கு, சூடா இருக்குன்னு—

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இல்லன்னு சொல்லியிருந்தா நீங்க கடைக்காரனோட சண்டைக்குப் போவீங்க. அப்புறம் பழனியப்பன் அண்ணன்கிட்ட போயிருவீங்க. இது வந்தப்புறம்தான் பக்கத்துல உக்காந்தீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவளைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் தினமும் ஓடினேன் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது.

நவம்பர் 30

கிஷன் வந்தார். கிழித்துவிடுவது என்றுதான் காத்திருந்தேன். சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைத் திறந்து, சூட்டுக்குப் போகிற வயரைக் காட்டினார். அவரே கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கிறார். எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் கழற்றுவார்களாம். பிள்ளைகள் தெரியாமல் அழுத்திவிடும், ஏர்கானோடு சேர்ந்து ஓடினால் லோடு தாங்காமல் கரண்ட் போய்விடும் என்று.

"இங்க எல்லாரும் ஏர்கான் போட்டுட்டு நெருப்பைப் பார்ப்பாங்க, அங்கிள். சூடு யாருமே கேட்டதில்ல லா."

சோபாவில் போர்வைக்குள் கிடந்தவளை அப்போதுதான் பார்த்தார். காதிலிருந்த போனை எடுத்துப் பையில் போட்டார். வயரைச் சேர்த்து, தனி லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கத்த வாய் வரவில்லை. அவர் கேட்காமல் கழற்றினார் சரி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் ஒரு நாளாவது கையை வைத்துப் பார்த்தேனா?

டிசம்பர் 1

உண்மையான சூடு. எதிரே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தானாகவே குனிந்து காலுறையைக் கழற்றினாள், நான்கையும். பாதம் இரண்டும் குச்சியாக இருக்கிறது. காற்று வாயருகில் கொண்டுபோய் வைத்து விரல்களை விரித்தாள்.

என்னால்தான் உட்கார முடியவில்லை. அடுப்பங்கரை கெட்டது போ. நாற்காலியை மெல்ல வாசலருகே நகர்த்திக்கொண்டேன். திரும்பிப் பார்க்கிறேன், ரிமோட்டை எடுத்துச் சூட்டை அணைத்துவிட்டாள். ஏன் என்றால், உங்களுக்கு வேர்க்குது, கிட்ட வாங்க என்கிறாள்.

நான் போட்டேன். அவள் அணைத்தாள். மறுபடி போட்டேன். கடைசியில் ரிமோட்டைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிப் போட்டு, ஈரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றி, பனியனோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்க வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்திருக்கும்.

டிசம்பர் 9

ஈரத் துண்டு. பனியன். செபமாலை. தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 25

பிரெண்டா வந்திருக்கிறாள். கெர்ட்டி கேக்கில் ஒரு விரல் அளவு சாப்பிட்டாள். மூன்று பேரும் நெருப்பின் முன்னால் உட்கார்ந்தோம். மகளும் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜனவரி 11, 2025

காலையில் நான் பால் காய்ச்சப் போன நேரத்தில் கெர்ட்டி போய்விட்டாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

ஜனவரி 13

படத்துக்கு எதிரேதான் சவப்பெட்டியை வைத்தார்கள். ஜன்னல் எல்லாம் திறந்து, வாடகைக்கு எடுத்த ஃபேன் நாலு மூலையிலும். இவ்வளவு காற்று அவளுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். புஷ்பவல்லி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 16

பிரெண்டா போன். அந்த நெருப்பைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பார்க்கப் பார்க்க உங்களுக்குக் கஷ்டம்தானே என்றாள். சரி என்றேன். கழற்றவில்லை.

மார்ச் 8

சாயங்காலம் கேட்டில் சத்தம். பழனியப்பன். அவள் படுத்திருந்த காலம் முழுக்க இந்த வீட்டு வாசல் மிதிக்காதவன், அடக்கத்தன்றுகூட கேட்டுக்கு வெளியிலேயே நின்றவன். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் இரண்டு. நீதான் வர மாட்டேங்கிற என்றான். உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். அவள் நாற்காலியைக் காட்டினேன்.

நெருப்பை மட்டும் போட்டிருந்தேன். சூட்டுக்கான சுவிட்ச், அவள் போன அன்று அணைத்தது, அதற்குப் பிறகு தொடவில்லை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தே தாரிக் தீர்ந்தது. அவன் செருப்பில்லாத காலை நீட்டி நெருப்பிடம் வைத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நல்லா சூடா இருக்குடா."

ஆமாம் என்றேன். இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.