துரையின்ர கல்லறை எழுத்து

பலெர்மோ, இத்தாலி
12.02.1996

அன்புள்ள ஐயாவுக்கு,

மகள் மொனிகா எழுதுறன். மாதா காவலில நான் சுகம். உங்கட இழுப்பு எப்பிடி? பனிக்குள்ளை வெளிக்கிடாதேங்கோ.

நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோராவுக்கு இப்ப ஒரு புதுப் பைத்தியம். அவவின்ர தாய்வழிப் பூட்டனுக்கும் பூட்டன் ஒருத்தர், வெள்ளைக்காரர் இலங்கையைப் பிடிச்ச புதுசில மன்னாரில வந்து குடியேறின துரையாம். செத்து நூற்றித் தொண்ணூறு வருசம். அவர் எங்கை பிறந்தார், ஆரைக் கட்டினார், எத்தினை பிள்ளையள் எண்டு நாடு நாடாக் கடிதம் போடுறா. சாப்பாட்டு மேசை முழுக்க அந்தாளின்ர கடதாசிதான்.

போன கிழமை நான் பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, எடுக்க, ‘இவ நாலு வருசமா என்ர வீட்டில வேலை செய்யிறா’ எண்டு ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டன். உந்தக் கடதாசி வேலையள் தனக்குச் சரிவராதாம். நீங்கள் யோசியாதேங்கோ, வேறை வழி பாப்பம்.

துரையின்ர கல்லறை எங்கட ஊர்ப் பழைய சவக்காலையில கிடக்காம். நீங்கள் போய்ப் புல்லைச் செதுக்கி, கல்லில உள்ளதை ஒரு எழுத்தும் விடாமல் எழுதி அனுப்பட்டாம். ஐயாவுக்குக் குனிய ஏலாது எண்டன். அது அவவின்ர காதில விழேல்லை. ஏலுமெண்டாச் செய்யுங்கோ. ஆரும் இஞ்சை வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் குடுத்து விடுங்கோ.

பதிலைத் தன்ர பேருக்குப் போடட்டாம். வேண்டாம் ஐயா. என்ர பேரை முழுசா எழுதி இந்த விலாசத்துக்குப் போடுங்கோ. நான் இந்த வீட்டில இருக்கிறன் எண்டதுக்கு வேறை ஒரு கடதாசியும் இல்லை.

கூப்பிடுறா, போறன்.

மகள்
மொனிகா