வாயில்லாப் பெட்டிக்குச் சோறூட்டும் முறை

சுகிர்தா,

நீ எழுவதற்குள் பல்கலைக்கழகம் புறப்படுகிறேன். சொல்லாமல் போவது கோபத்தினால் அன்று.

கிள்ளானிலிருந்து உன் அண்ணன் மகேந்திரன் தம் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு காலையில் வருவார். நம் மடிக்கணினியில் வட்டுச் செருகும் இடம் இல்லாமையால், இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, தம்மிடமுள்ள விண்டோஸை இதற்குள் அனுப்பப் போகிறார்.

"வாயே இல்லாத பெட்டிய வாங்கிட்டு வந்திருக்கீங்களே, இதுக்கு எப்படிலா சோறு ஊட்டுவீங்க?" என்று நேற்று கேட்டாய். இன்மையும் ஒரு பொருளைக் குறிக்கும் என்று நான் விளக்கத் தொடங்கியதுமே கதவைச் சாத்திக்கொண்டாய். எஞ்சிய விளக்கத்தைக் கைவிட்டுவிட்டேன். மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றுகிறோம் என்று கொள்.

கேபிளை மாட்டிவிட்டு அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். முடியும்வரை நீதான் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்று முடியாவிட்டால், நாளை ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டு அத்தியாயத்தை என்னால் அச்சிட இயலாது. ஆகவே ரைஸ் குக்கருக்காகப் பிளக்கைப் பிடுங்கிவிடாதே. மதியத்துக்கு இடியப்பம் மூடிவைத்திருக்கிறேன். இரவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் மீன்கறிச் சோறு கட்டிக்கொண்டு வருவேன்.

இடையில் திரை, தொடர விருப்பமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஒய் (Y) என்றால் ஆம். என் (N) என்றால் இல்லை. யோசிக்காமல் ஒய்யை அழுத்து.

தயாபரன்

பி.கு.: சம்பல் பிரிட்ஜில், தயிருக்குப் பின்னால்.

இன்னொன்று: என்னோடு தொடர விருப்பமா என்று உன்னிடம் நானும் கேட்கிறேன். அதற்கும் அதே எழுத்தை அழுத்துவாயானால், சாப்பிட்டு முடிக்கும்வரை இன்மையைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டேன்.